நாடகம் முடிந்து நீங்கள் ஊர் திரும்பிய பிறகு, அந்தப் பையன் யாரிடம் போவான்?

திருகோணமலையில் ஒரு சபையின் வாலிபர் ஐக்கியத்தை முன்னின்று நடத்தும் 27 வயதுச் சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றிவிட்டு, அதன் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

இவருடைய குழுவில் 15 முதல் 24 வயது வரை 19 பேர் இருக்கிறார்கள். பாட்டு, மைம், நடனம், நாற்பது நிமிட நாடகம் என்று ஒரு நிகழ்ச்சியைத் தயாரித்து, சென்ற வருட ஆகஸ்ட் விடுமுறையில் வடகொழும்பில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு பகுதிக்கு ஊழியப் பயணம் போனார்கள். அங்குள்ள சிறு சபை ஒன்று அழைத்திருந்தது. போதைக்கு அடிமையான ஒரு பையன் மனந்திரும்புவதுதான் நாடகத்தின் கதை. இணையத்தில் பார்த்த வெளிநாட்டு மைம் ஒன்றைத் தழுவியது. கடைசி மாலையில் பதின்ம வயதுப் பிள்ளைகள் பலர் அழுதார்கள், இயேசுவை ஏற்றுக்கொள்ளும்படி மேடையில் இருந்து அழைப்புக் கொடுத்தபோது கை உயர்த்தி முன்னால் வந்தார்கள். இந்த வருடம் மூன்று இலட்சம் ரூபாவுக்கு மேல் செலவழித்து இன்னும் பெரிதாகச் செய்ய விரும்புகிறார்கள்.

சபைக்குள் கருத்து இரண்டாகப் பிரிந்திருக்கிறது. "அறுவடை அங்கேதான் இருக்கிறது" என்கிறார் போதகர். வீண் செலவு என்கிறார்கள் சில மூப்பர்கள். குழுவில் உள்ள ஒரு பிள்ளையின் தந்தை, மதமாற்றத் தடைச் சட்டத்தில் எல்லோரையும் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறார். இன்னொன்று: குழுவில் 17 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். ஐஸ் போதையில் சிக்கிய அவனுடைய அண்ணன் இப்போது மறுவாழ்வு நிலையத்தில். அந்தக் கதையை மேடையில் சாட்சியாகச் சொல்லும்படி பெரியவர்கள் கேட்கிறார்கள். ஒத்திகையில் அவன் அழுது பாதியில் நிறுத்திவிட்டான்.

கடிதத்தின் கடைசியில் நாலு வரி. சென்ற வருடம் அங்கே சந்தித்த 14 வயதுப் பையன் ஒருவன், குழுவில் உள்ள 20 வயது இளைஞருக்கு இன்றுவரை இரவுகளில் வட்ஸ்அப்பில் எழுதுகிறான். அம்மாவோடு இருக்கிற ஆள் தன்னை வயரால் அடிப்பதாகப் போன மாதம் எழுதியிருக்கிறான். "ஒருத்தரிட்டயும் சொல்லாதீங்க அண்ணா" என்றும் கேட்டிருக்கிறான். "ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு மேல் ஏதும் செய்ய வேண்டுமா?" என்று முடிகிறது கடிதம்.

அன்பின் தங்கைக்கு,

நாடகத்துக்கும் செலவுக்கும் சபைக்குள் நடக்கும் இழுபறிக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அந்தப் பையனுக்கு நாலு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். இதை உங்கள் குறையாக நான் பார்க்கவில்லை. மனதை அதிகம் உறுத்துவதைத்தான் மனிதர்கள் கடைசியில் சொல்வார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிலும் பலர், எழுந்து கதவடிக்குப் போன பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்கிறார்கள். ஆகவே உங்கள் கடிதத்துக்குக் கீழிருந்து மேலாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பையன்

ஆம், செய்ய வேண்டும். இன்றைக்கே. ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஜெபித்துக்கொண்டே தொலைபேசியை எடுங்கள்.

14 வயதுப் பிள்ளையை வயரால் அடிப்பது வீட்டுக்குள் தீர்க்க வேண்டிய விஷயம் இல்லை. தன் பொறுப்பில் உள்ள, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேண்டுமென்றே அடித்துத் துன்புறுத்துவது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின்படி குற்றம். பெற்ற தகப்பன் அடித்தாலும் அது குற்றம்தான்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். காசு போகாது, தமிழில் பேசலாம். பிள்ளை கொழும்பில் இருக்க நீங்கள் திருகோணமலையில் இருந்து பேசுவதில் தடை ஏதும் இல்லை. பையனின் பெயர், வயது, இருக்கும் இடம், பாடசாலை, அவன் எழுதிய வார்த்தைகள், எழுதிய நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு பேசுங்கள். வட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். "ஜெபக் குறிப்பு" என்று வேறு யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். சபைகளில் இது நல்ல மனதோடு நடக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையின் துயரம் நாற்பது பேரின் தொலைபேசிக்குப் போய்விட்டால் திரும்பி வராது. அவனுடைய பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் நாடலாம். உடனடி ஆபத்து என்று அவன் எழுதினால் 119.

சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று நீங்களும் அந்த 20 வயது இளைஞரும் தவிப்பது தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். உண்மையிலேயே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்திருந்தால் அவன் எழுதியே இருக்க மாட்டான். சொல்லவும் வேண்டும், சொன்னதால் வரப்போகும் அடிக்கும் பயம். அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் பிள்ளைகள் இப்படிக் கேட்பார்கள். இந்த இரகசியத்தால் இப்போது பாதுகாப்பாக இருப்பது அடிக்கிற ஆள் மட்டும்தான்.

அவனுக்குத் தெரியாமல் எதையும் செய்ய வேண்டாம். அந்த இளைஞர் அவனுக்கு இப்படி எழுதலாம்: "தம்பி, நீ எனக்குச் சொன்னது நல்லது. நீ ஒரு பிழையும் செய்யேல்ல. ஆனா இதை நான் மட்டும் வச்சிருந்தா உனக்கு உதவ ஏலாது, நான் தூரத்தில இருக்கிறன். பிள்ளைகளுக்கு உதவி செய்யிற ஆக்களிட்ட நாங்கள் சொல்லப் போறம். உனக்குக் கிட்ட இருக்கிற பெரிய ஆக்களில நீ நம்புற ஆள் ஆர்? ரீச்சரா, அம்மம்மாவா?" அந்தக் கடைசிக் கேள்வியின் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், 1929க்குப் பேசும்போது பயன்படும். இன்னொன்றும் கேளுங்கள்: அவனுடைய தொலைபேசியை அந்த ஆள் எடுத்துப் பார்ப்பாரா? பார்ப்பார் என்றால் எழுதுவதைக் குறைத்து, பேசக்கூடிய நேரத்தை அவனே சொல்லட்டும்.

"அவனைக் கொண்டுபோய் இல்லத்தில் போட்டுவிட்டால்?" என்று உங்கள் மனதில் ஒரு கேள்வி இருக்கும். அப்படி நடக்கவே நடக்காது என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஒரு தொலைபேசி அழைப்போடு பிள்ளையை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டு நிலைமையைப் பார்ப்பார், தேவைப்பட்டால் விஷயம் நீதவானிடம் போகும். அம்மம்மா, பெரியம்மா, மாமா என்று பொறுப்பான சொந்தம் இருந்தால் முதலில் அந்த வழிதான். விசாரணை இழுபடலாம், அம்மாவுக்கு உங்கள் மீது கோபம் வரலாம். அதையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, அந்த வயரை மறு தட்டில் வையுங்கள்.

அப்புறம், எழுதிக்கொண்டிருக்கும் அந்த இளைஞரைப் பற்றி. நல்ல பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனாலும் வளர்ந்த ஒருவர் 14 வயதுப் பிள்ளையோடு யாருக்கும் தெரியாமல் இரவு பதினொரு மணிக்கு எழுதிக்கொண்டிருப்பது தொடரக் கூடாது. இது பிள்ளைக்கும் பாதுகாப்பில்லை, அவருக்கும் பாதுகாப்பில்லை. அவர் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போனால் அந்தப் பையனுக்கு இருக்கும் ஒரே வாசலும் மூடிக்கொள்ளும். அதற்காக நாளைக்கே பதில் போடாமல் விட்டுவிடாதீர்கள். அதை அவன் தண்டனையாக எடுத்துக்கொள்வான். வடகொழும்புச் சபையில் பொறுப்பான ஒருவரை அவனுக்கு நேரில் அறிமுகப்படுத்தி, உங்களையும் உரையாடலில் சேர்த்து, பகல் நேரத்துக்கு மாற்றி, சில மாதங்களில் மெதுவாகக் கையளிக்கலாம். இவ்வளவு காலமும் ஒரு பிள்ளையின் அடியைத் தனியாகச் சுமந்த அந்த இளைஞருக்கும் யாரிடமாவது பேச வேண்டியிருக்கும். அவரை நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். தூக்கம் கெடுகிற அளவுக்கு மனம் பாரமாக இருந்தால் 1926இல் உளநல உதவி கிடைக்கும்.

சுனாமிக்குப் பிறகு நாம் பார்த்தது

இனி உங்கள் பயணத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நமது மாவட்டத்துக்கு எத்தனை குழுக்கள் வந்தன என்று உங்கள் சபையின் மூத்தவர்களைக் கேளுங்கள். நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் என்று கரையோரம் முழுக்க முகாம்கள். பொம்மலாட்டத்தோடு வந்தார்கள், கோமாளி வேடத்தோடு வந்தார்கள், நிறப் பென்சில்களோடு வந்து அலையை வரையச் சொன்னார்கள். அடுத்த கிழமை வேறொரு குழு வந்து அதே அலையை மறுபடி வரையச் சொன்னது. எல்லோரும் அன்போடுதான் வந்தார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு வாகனமும் புறப்படும்போது வேலியடியில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு பக்கமும் தெரியும். இழப்பை அப்போதுதான் அனுபவித்த பிள்ளை, இரண்டு நாள் பழகிய ஒரு அக்காவையும் இழந்தது.

அப்போது நாம் பார்க்கப்படுகிறவர்களாக இருந்தோம். இப்போது நீங்கள் பார்க்கப் போகிறவர்கள். அந்த அனுபவம் உங்கள் ஊருக்கு இருக்கிறது என்பது பெரிய பலம், அதைப் பயன்படுத்துங்கள்.

கிழக்கிலேயே நல்ல முன்மாதிரியும் உண்டு. 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் அருட்தந்தை போல் சற்குணநாயகம் என்ற இயேசு சபைத் துறவியும் ஒருவர், உளவளத்துணையில் ஈடுபட்டவர். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் கிராமங்களில் இருந்து ஒன்றாக அழைத்து வந்து, கதை, களிமண், ஓவியம், நாடகம் என்று விளையாட விட்டார்கள். ஒரு மாலை நிகழ்ச்சியாக அல்ல. அதே பிள்ளைகள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தார்கள். கலை அங்கே வேலை செய்தது, அதே முகங்கள் அடுத்த கிழமையும் அங்கே இருந்தன என்பதால்தான்.

நாடகத்தைப் பற்றி

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். உங்கள் நாடகத்தின் ஆன்மிகச் செய்தியைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதைப் பார்க்கும் பிள்ளைக்குள் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கதைச்சுருக்கத்தில் பையன் கையில் ஊசி ஏற்றுகிறான். இலங்கையில் ஹெரோயின் பாவிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஊசி ஏற்றுவதில்லை, புகையாகத்தான் எடுக்கிறார்கள். வடகொழும்பில் வளர்ந்த 15 வயதுப் பிள்ளைக்கு இது தெரியும். முதல் காட்சியிலேயே "இவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று முடிவு கட்டிவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் கறுப்புச் சட்டை போட்ட சாத்தான். உங்கள் நாடகத்தில் போதைப்பொருள் விற்பவனும் அவன்தான். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸார் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் பிடிபட்டார்கள், இப்படியான நெருக்கமான குடியிருப்புகளில் வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. உங்கள் முன்னால் கதிரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அப்பாவோ அண்ணாவோ அதில் போனவராக இருக்கலாம். அந்தப் பிள்ளை மேடையில் பார்ப்பது பொதுவான ஒரு தீமையை இல்லை, தன் அப்பாவை. இருட்டு, பெரிய சத்தம், இழுத்துக்கொண்டு போகும் பொலிஸ், துப்பாக்கி வெடிச் சத்தம். கடைசி மாலை பலர் அழுதார்கள் என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். சிலர் மனம் தொடப்பட்டு அழுதிருப்பார்கள். சிலர் பயந்து அழுதிருப்பார்கள். சிலர் பக்கத்தில் இருந்தவர் அழுததால் அழுதிருப்பார்கள். கண்ணீரை வைத்து நிகழ்ச்சியை அளக்காதீர்கள்.

வெடிச் சத்தத்தை எப்படியும் எடுத்துவிடுங்கள். நீங்கள் போகும் பகுதி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குக் கிட்டே. 2019 ஏப்ரல் 21 அன்று அங்கே குண்டு வெடித்தபோது இன்றைய பதின்ம வயதினர் சின்னப் பிள்ளைகள். தேவாலயத்துக்குள் விளக்கை அணைத்துவிட்டு வெடிச் சத்தம் போடுவது அவர்களுக்கு எதை நினைவூட்டும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

பயமுறுத்தினால் பிள்ளைகள் திருந்துவார்கள் என்பது நம் எல்லோருக்கும் பழகிய நம்பிக்கை. அமெரிக்காவில் 1970களில் இளைஞர்களைச் சிறைக்குள் கூட்டிப்போய்க் கைதிகளைக் கொண்டு பயமுறுத்தும் திட்டங்கள் பிரபலமாகின. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தத் திட்டங்களுக்குப் போன பிள்ளைகள் போகாதவர்களைவிடக் கூடுதலாகவே குற்றங்களில் சிக்கியிருந்தார்கள். பயம் அன்றைக்கு மட்டும் வேலை செய்கிறது. அடுத்த நாளும் அதே ஒழுங்கை, அதே கூட்டாளிகள், அதே வீடு.

அப்படியென்றால் நாடகமே வேண்டாமா? வேண்டும். உங்கள் குழுவின் மைம் திறமை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அங்குள்ள பிள்ளைகள் தமிழையும் சிங்களத்தையும் கலந்து பேசி வளர்கிறவர்கள், பேச்சில்லாத நாடகம் எல்லோருக்கும் போய்ச் சேரும். கதையை மட்டும் முடிக்காமல் விடுங்கள். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு, ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்பார்கள். பிரச்சினை முற்றுகிற இடத்தில் நாடகத்தை நிறுத்தி, "இந்த இடத்தில் நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று பார்வையாளர்களைக் கேட்பார்கள். சொல்கிறவர் மேடைக்கே வந்து அந்தப் பாத்திரமாக நடித்துக் காட்டலாம். கூட்டாளி ஒருவன் 'ஒருக்கா இழுத்துப் பார்' என்று நீட்டும்போது எப்படி மறுப்பது, மறுத்த பிறகும் அவனோடு எப்படி இருப்பது என்பதில் திருகோணமலைப் பிள்ளைகளைவிட அவர்களுக்கு அனுபவம் அதிகம். அவர்கள் சொல்லித்தரட்டும். மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படித்தவர்களை விசாரித்துப் பாருங்கள், இதைப் பழக்கித்தர ஒருவர் கிடைக்கலாம்.

மேடையிலும் பாதியை அவர்களுக்குக் கொடுங்கள். ஆடத் தெரிந்தவர், பாடத் தெரிந்தவர், ராப் எழுதுகிறவர் அங்கேயும் இருப்பார்கள். உங்கள் கடிதத்தில் அந்தப் பிள்ளைகளைப் பற்றி "பாவம்", "வழிதவறியவர்கள்" என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் காலையில் எழுந்து பாடசாலைக்கும் டியூஷனுக்கும் போகிற சாதாரணப் பிள்ளைகள், உங்கள் வாலிபர்களைப் போல. ஐஸ் திருகோணமலையிலும் இருக்கிறது. உங்கள் குழுவிலேயே ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் அது வந்துவிட்டுப் போயிருக்கிறது.

அந்த 17 வயதுப் பிள்ளை

அவனை மேடையில் ஏற்றாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. ஒத்திகையில் அழுது நிறுத்தியதே அவனுடைய பதில். "பேசினால் பாரம் குறையும்" என்பது அரைவாசி உண்மை. தான் தெரிந்தெடுத்த ஆளிடம், தான் தெரிந்தெடுத்த நேரத்தில் பேசினால்தான் குறையும். இருநூறு பேர் முன்னால், ஒலிவாங்கியோடு, பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காகப் பேசினால் கூடும்.

அது அவனுடைய கதை மட்டும் இல்லை, அவன் அண்ணனுடைய கதையும். மறுவாழ்வு நிலையத்தில் இருக்கும் அந்த அண்ணனிடம் யாராவது கேட்டீர்களா? அவர் நாளைக்கு வெளியே வந்து வேலை தேட வேண்டும், ஒரு குடும்பம் அமைய வேண்டும். முகநூல் நேரலையில் போன சாட்சி, அவருக்கு முன்னால் ஊருக்கு வந்து நிற்கும். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ சொல்லத் தேவையில்லை, நாங்கள் இனிமேல் கேட்கவும் மாட்டோம்" என்று சொல்லுங்கள். அதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவர் போதகர் ஐயாதான், ஏனென்றால் அவருடைய விருப்பம் என்று நினைத்துத்தான் அவன் மறுக்க முடியாமல் இருக்கிறான்.

கை உயர்த்துவதும் சட்டமும்

பயப்படும் அந்தத் தகப்பனாருக்கு: இலங்கையில் மதமாற்றத் தடைச் சட்டம் என்று ஒன்று இன்று இல்லை. 2004இல் பௌத்த பிக்குகளை முன்னிறுத்திய ஜாதிக ஹெல உறுமய என்ற கட்சி அப்படி ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது, அது சட்டமாகவில்லை. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. பாடி நடித்ததற்காகப் பிள்ளைகளைச் சிறையில் போட மாட்டார்கள்.

போதகர் ஐயாவுக்கு: "உரிமை இருக்கிறது, யாரிடமும் கேட்கத் தேவையில்லை" என்பதும் சரியில்லை. 14ஆம் உறுப்புரை வழிபாட்டையும் போதனையையும் பாதுகாக்கிறது. ஆனால் மதத்தைப் பரப்புவது அரசியலமைப்பு தந்த அடிப்படை உரிமை அல்ல என்று உயர் நீதிமன்றம் 2003இல், ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சட்டப்படி கூட்டிணைப்பதற்கான சட்டமூலம் தொடர்பாகச் சொன்னது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2005இல் அதற்கு எதிரான கருத்தைத் தெரிவித்தது என்றாலும், உள்நாட்டில் அந்தத் தீர்மானம் இருக்கிறது. பிற மதத்தவர் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதும் செய்வதும் தண்டனைச் சட்டக்கோவையின் 291அ, 291ஆ பிரிவுகளில் குற்றம். உங்கள் நாடகத்தில் நாயகன் கையில் கட்டிய நூலை அறுத்து எறியும் காட்சியை எடுத்துவிடுங்கள். அது பிற மதத்தவர் வேண்டுதலோடு கட்டும் நூல் என்று எல்லோருக்கும் தெரியும்.

சட்டத்தைவிட எனக்கு முக்கியம், கை உயர்த்திய அந்தப் பிள்ளை. வடகொழும்பில் ஒரே ஒழுங்கையில் இந்து, முஸ்லிம், பௌத்த, கத்தோலிக்க வீடுகள் இருக்கும். 13 வயது முஸ்லிம் பிள்ளையோ சைவப் பிள்ளையோ பாட்டின் உருக்கத்தில் கையை உயர்த்திவிட்டு வீட்டுக்குப் போகிறது. கூட வந்த பிள்ளை உம்மாவிடமோ அம்மாவிடமோ சொல்கிறது. அன்றிரவு அந்த வீட்டில் நடப்பதைக் கவனிக்க நீங்கள் அங்கே இல்லை. அந்த வயதில், கூட்டத்தில், இருட்டில், இசையோடு கேட்கப்படும் கேள்விக்குப் பிள்ளையால் இல்லை என்று சொல்லவும் முடியாது. உங்கள் விசுவாசம் சுதந்திரமான சம்மதத்தைக் கேட்கிற ஒன்று என்றுதான் நான் பழகிய கிறிஸ்தவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களிடம் மேடையில் இருந்து அழைப்புக் கொடுப்பதை விடுங்கள். கேட்க விரும்பும் பிள்ளை, பெற்றோரின் அறிவோடு, அங்குள்ள சபையில் ஆறுதலாக உட்கார்ந்து கேட்கட்டும்.

சாப்பாட்டுப் பார்சலும் கொப்பிப் பையும் கொடுப்பதாக இருந்தால் வந்த எல்லோருக்கும், நிகழ்ச்சிக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு ஒரு கொப்பிப் பையின் பெறுமதி அந்த வீடுகளுக்கு நன்றாகத் தெரியும். ஜெபத்துக்குப் பிறகு கொடுத்தால், ஜெபத்துக்குக் கொடுத்ததாகத்தான் பார்க்கப்படும்.

போவதென்றால்

போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் இந்த ஆகஸ்டில் 19 பேரோடு வேண்டாம். கீழே உள்ளவை சரியான பிறகு போங்கள்.

1. பொறுப்பாளர்: நீங்கள் திரும்பிய பிறகு பிள்ளைகள் நாடக்கூடிய ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் வடகொழும்புச் சபை பெயர் சொல்லித் தர வேண்டும். தர முடியாவிட்டால் பயணம் இல்லை. ஒரு பிள்ளை துன்புறுத்தலைச் சொன்னால் யாரிடம் சொல்வது, யார் 1929க்கு அழைப்பது என்பதைக் குழுவில் உள்ள கடைசிப் பிள்ளையும் தெரிந்திருக்க வேண்டும்.

2. தனி இலக்கப் பரிமாற்றம் இல்லை: 18 வயதுக்குக் குறைந்தவர்களோடு யாரும் தனியாக எழுதக் கூடாது. இரண்டு பெரியவர்கள் கையில் இருக்கும் ஒரே ஓர் இலக்கம் போதும்.

3. படங்கள்: பிள்ளைகளின் முகம் தெரியும் படமோ நேரலையோ வேண்டாம். காசு தந்தவர்களுக்குக் காட்ட உங்கள் ஒத்திகைப் படங்கள் போதும்.

4. உங்கள் பிள்ளைகளும் பிள்ளைகள்தான்: குழுவில் 15, 16 வயதினர் இருக்கிறார்கள். பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் உங்களைப் பொறுப்பில் இருந்து விடுவிக்காது. எங்கே தங்குவது, இரவில் யார் கூட இருப்பது, இரவு மெயிலில் போவதா பகல் பஸ்ஸில் போவதா என்பதைப் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுங்கள். பெண் பிள்ளைகளோடு வளர்ந்த பெண்கள் இருவராவது போக வேண்டும்.

5. அனுமதி: ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள். அந்தப் பகுதிக் கிராம உத்தியோகத்தருக்கும் பக்கத்தில் உள்ள கோவில், பள்ளிவாசல், விகாரைப் பொறுப்பாளர்களுக்கும் முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது. 2019க்குப் பிறகு, பெட்டிகளோடு வந்திறங்கும் தெரியாத கூட்டத்தைப் பார்த்து யாரும் பதறத் தேவையில்லாதபடி செய்யுங்கள்.

வீண் செலவு என்று சொல்லும் மூப்பர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்று இலட்சத்தில் பெரும் பகுதி பஸ்ஸுக்கும் உடுப்புக்கும் ஒலி ஒளிக்கும் போகிறது. இப்படிப் பிரித்தால் என்ன? ஆகஸ்டில் நீங்களும் இன்னொரு பெரியவரும் மட்டும், உடுப்பும் ஒலிபெருக்கியும் இல்லாமல், இரண்டு நாள் போய் வாருங்கள். சென்ற வருடம் வந்த பிள்ளைகளில் பத்துப் பேரோடு உட்கார்ந்து, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, மறுபடி வந்தால் சேர்ந்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை வைத்து நாடகத்தைத் திருத்துங்கள். டிசம்பர் விடுமுறையில் பெற்றோரின் சம்மதத்தோடு அவர்களைத் திருகோணமலைக்கு அழைத்து, உங்கள் சபை மண்டபத்தில் அவர்கள் தங்கள் நிகழ்ச்சியைச் செய்யட்டும், நீங்கள் பாருங்கள். பிறகு அடுத்த ஆகஸ்டில் நீங்கள் முழுக் குழுவாகப் போகலாம். செலவு ஏறக்குறைய அதேதான் வரும். மூப்பர்களுக்கும் போதகர் ஐயாவுக்கும் இந்தத் திட்டத்தை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். மேலே சொன்ன ஐந்தையும் அதே தாளில் சேர்த்து, கீழே பெரியவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

1929இல் பேசிய பிறகு அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிழமைக்குள் யாரும் அந்தப் பையனைப் போய்ப் பார்க்கவில்லை என்றால், அதே இலக்கத்தைச் சொல்லி மறுபடி அழையுங்கள். அதற்குப் பிறகும் அசையாவிட்டால் எனக்கு எழுதுங்கள், கொழும்பில் யாரிடம் நேரடியாகப் போகலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்